வலிப்பு வரும் நாயின் சாப்பாடு: உப்பு, சுண்ணாம்புச் சத்து, எண்ணெய்

நாய்க்கு முதல் வலிப்பு வந்த மறுநாளே வீட்டுக்கு ஒரு பாட்டில் கால்சியம் டானிக் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் மக்னீசியம் குறைவு என்பார். மருந்துக்கடைக்காரர் நரம்புச் சத்து மாத்திரை ஒரு அட்டையை எடுத்துப் போடுவார். இதில் ஏதோ ஒன்று உங்கள் நாய்க்கு நிஜமாகவே தேவைப்படலாம். ஆனால் எது என்று ரத்தம்தான் சொல்ல வேண்டும். அளக்காமல் தாது உப்பைக் கொடுத்தால் இருக்கிற குறை பரிசோதனையில் தெரியாமல் போகும், இல்லாத கோளாறும் புதிதாக வந்து சேரும். அதனால் முதலில் ரத்தம், அடுத்து மருந்து, அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைப்பது.

வலிப்பு நடக்கும்போது வாய்க்குள் எதுவும் போகக் கூடாது

தண்ணீர், பால், தேன், மாத்திரை எதுவானாலும் அந்த நேரத்தில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கும். நாக்கைக் கடித்துவிடுமே என்று விரலை விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கத்தை நாயிடமும் காட்டுகிறவர்கள் உண்டு. அதனால் பயன் கிடையாது. தலைக்குக் கீழே ஒரு துணியை வைத்து, சுற்றி இருக்கும் நாற்காலி, ஸ்டூலை நகர்த்திவிட்டு, மணி பாருங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்த அரை நிமிட வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, 24 மணி நேரத்துக்குள் இரண்டு முறை வந்தாலோ, இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய், இரண்டு மூன்று நாளாகக் குணமே மாறி எச்சில் வடித்து வலிப்பும் வந்தால், வெறுங்கையால் தொடாமல் உடனே டாக்டரை அழையுங்கள்.

முதல் ரத்தப் பரிசோதனை

குறைந்தபட்சம் இவ்வளவும் கேளுங்கள்: குளுக்கோஸ், கால்சியம், அல்புமின் (ரத்தப் புரதம்), சோடியம், பொட்டாசியம், குளோரைடு, மக்னீசியம், யூரியா, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள். வயது ஒன்றுக்குள் என்றாலோ, வலிப்பும் மந்தமும் சாப்பிட்ட பிறகே வருகின்றன என்றாலோ, பித்த அமிலப் பரிசோதனையும் சேரட்டும். அதற்கு வெறும் வயிற்றில் ஒரு முறையும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு முறையும் ரத்தம் எடுப்பார்கள். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றி ஓடும் பிறவிக் கோளாறு இதில் பிடிபடும்.

ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியம் கலந்த உறைவுத் தடுப்பு மருந்து. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் அந்தக் குழாயில் ஊற்றிவிட்டு, அதே ஊசியால் சிவப்பு மூடிக் குழாயையும் தொட்டு நிரப்பினால், கால்சியம் பொய்யாகக் குறைந்தும் பொட்டாசியம் பொய்யாக ஏறியும் வரும். குளுக்கோஸ் வேறு வழியில் ஏமாற்றும்: ரத்தத்தைப் பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். சாம்பல் மூடிக் குழாய் இதற்காகத்தான் இருக்கிறது. கால்சியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், அதே தாளில் அல்புமினையும் பாருங்கள். அல்புமின் குறைந்திருந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்ததாகத்தான் தெரியும். புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் அயனிக் கால்சியத்தை அளந்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

எந்த எண் எதைச் சொல்கிறது

சர்க்கரை. 100 மி.லி. ரத்தத்தில் 60 மி.கி.க்குக் கீழே குறைவு. 40ஐத் தொட்டால் வலிப்பு வரலாம். பொமரேனியன், சிவாவா போன்ற சிற்றினக் குட்டிகள் ஒரு வேளை பட்டினி கிடந்தாலே இந்த நிலைக்கு வந்துவிடும். வலிப்பு நின்று, விழுங்கும் அளவுக்குத் தெளிந்த பிறகு, ஈறில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தடவலாம். இத்தகைய குட்டிகளுக்கு நாளைக்கு நாலைந்து வேளைச் சாப்பாடு. வளர்ந்த நாய்க்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் வரும் சைலிட்டால் அவற்றில் ஒன்று. நாயின் எடை கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டாலே சர்க்கரையை இறக்கப் போதும்.

கால்சியம். 100 மி.லி.க்கு 9 முதல் 11.5 மி.கி. வரை சாதாரணம். 7க்குக் கீழே போனால் முகம் துடிப்பது, கால் விறைப்பது, வலிப்பு என்று வரிசையாக வரும். அதிகம் பார்ப்பது பாலூட்டும் சின்ன இனத் தாய் நாய்களில், குட்டி போட்ட முதல் நாலு வாரத்தில். இங்கேதான் டானிக் விஷயம் தலைகீழாகிறது. சினையாக இருக்கும்போதே கால்சியம் ஊட்டிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் பாராதைராய்டு சுரப்பி சோம்பிப் போகிறது. குட்டிகள் பால் உறிஞ்சத் தொடங்கும் நாளில் அது வேலைக்கு வராது. இந்த வலிப்பு வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் கிடையாது. டாக்டர் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டை, இதயத் துடிப்பைக் கவனித்தபடி, நரம்பில் மெதுவாக ஏற்றுவார். குட்டிகளை ஒரு நாளாவது பிரித்து வைத்துப் புட்டிப்பால் கொடுக்கச் சொல்வார்.

மக்னீசியம். இது குறைந்திருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரக்காது. கால்சியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். குடல் வழியே புரதம் வீணாகும் நோயுள்ள நாய்களில் இது நடக்கும். மற்றபடி, வலிப்பு வரும் எல்லா நாய்க்கும் மக்னீசியம் மாத்திரை என்பது வெறும் செலவு.

சோடியம். லிட்டருக்கு 140 முதல் 155 மில்லிமோல் வரை சரி. 170ஐத் தாண்டினால் மூளைச் செல்கள் நீரிழந்து சுருங்கத் தொடங்கும். நம் வீடுகளில் இதற்குப் பெரிய காரணம் ஒரு ‘முதலுதவி’தான்: நாய் எதையோ தின்றுவிட்டது என்று உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது. கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு நஞ்சு. மேசைக்கரண்டியில் ஒரு கரண்டி உப்பு ஏறத்தாழ 17 கிராம். 5 கிலோ பொமரேனியனுக்கு அந்த ஒரு கரண்டியே போதும், வலிப்பே வராத நாய்க்கும் வலிப்பை வரவழைக்க.

தயமின். இது தாது இல்லை, பி1 வைட்டமின். ஆனாலும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியது. சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டால், அவற்றிலுள்ள நொதி தயமினை அழித்து, நடை தள்ளாடி வலிப்பு வரை கொண்டுபோகும். மீனை வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

இவை எல்லாமே சரியாக இருந்து, முதல் வலிப்பு 6 மாதம் முதல் 6 வயதுக்குள் வந்து, இரண்டு வலிப்புக்கு நடுவில் நாய் முழுக்க நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் காரணம் தெரியாத பிறவி வலிப்பு. லாப்ரடார், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் அதிகம். தடுப்பூசி போடாத குட்டி, வாயை மென்றுகொண்டே வலிப்பில் விழுந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நினைவுக்கு வர வேண்டும். சாப்பாட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பிறவி வலிப்பிலும் சாப்பாடு மருந்தின் இடத்தைப் பிடிக்காது. ஆனால் மருந்தைக் கெடுக்கும் வேலையைச் சாப்பாடு நன்றாகவே செய்யும்.

புரோமைடும் உப்பும்

பொட்டாசியம் புரோமைடு என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடும் நாய்க்கு மிக முக்கியமான உணவுப் பொருள் உப்புதான். உப்பில் 61 சதவீதம் குளோரைடு. சிறுநீரகத்துக்குக் குளோரைடும் புரோமைடும் ஏறக்குறைய ஒரே மாதிரி. உடம்புக்குள் குளோரைடு அதிகமானால் வெளியேற்றும்போது புரோமைடையும் சேர்த்துத் தள்ளிவிடும். குளோரைடு குறைந்தால் இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 1995இல் வெளியான ஒரு ஆய்வில், குளோரைடு 0.2 சதவீதம் உள்ள உணவு தின்ற நாய்களில் புரோமைடு பாதியாகக் குறைய சராசரி 69 நாள் ஆனது. 0.4 சதவீதத்தில் 46 நாள். 1.3 சதவீதத்தில் 24 நாள். மருந்தின் அளவு மாறவில்லை, உணவின் உப்பு மட்டும் மாறியது.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை உப்பில்லாத சோறும் கோழியும். சனிக்கிழமை மீதமான கருவாட்டுக் குழம்பில் பிசைந்த சோறு, ஞாயிறு அப்பளம், நடுவில் யாரோ ஊட்டிய சிப்ஸ். ரத்தத்தில் புரோமைடு மெல்ல இறங்கும். இறங்கியது அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு வாரம் கழித்து வலிப்பாகத் தெரியும். அப்போது கருவாடு யாருக்கும் நினைவிருக்காது, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு வீட்டில் ஒருவர் உப்பை முற்றிலும் நிறுத்துவார். கூட்டிய அளவோடு புரோமைடு ஏறிக்கொண்டே போய், பின்னங்கால் பின்னி, நாய் குடித்தவன் போலத் தள்ளாடும். இந்த ஊஞ்சல்தான் புரோமைடில் நடக்கும் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

அதனால் குறைந்த உப்பா, அதிக உப்பா என்பதைவிட, தினமும் ஒரே அளவா என்பதே கேள்வி. உப்பே இல்லாமலும் வைக்காதீர்கள். 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 190 மி.கி. குளோரைடு வேண்டும். அதை முழுக்க உப்பாகக் கொடுத்தால் 0.3 கிராம். இறைச்சியிலும் கொஞ்சம் குளோரைடு உண்டு. வீட்டுச் சாப்பாடு என்றால் தினமும் ஒரே அளவு உப்பை, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ‘ஒரு சிட்டிகை’ என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

உப்பு ஒளிந்து வரும் வழிகள் நிறைய. பிஸ்கட், ரொட்டி, சீஸ், சாம்பார், ரசம் எல்லாம் தெரிந்தவை. கடற்கரைக்கு அழைத்துப் போனால் நாய் கடல் தண்ணீரைக் குடிக்கும். சிறுநீரகக் கல்லுக்கென விற்கும் மருத்துவ உணவுகளில் பலவற்றில், நாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே உப்பைக் கூட்டியிருப்பார்கள். பாக்கெட் உணவில் குளோரைடு அளவு அச்சிட்டிருக்காது. கம்பெனிக்கு எழுதி, 1000 கலோரிக்கு எத்தனை கிராம் குளோரைடு என்று கேளுங்கள்.

உணவை மாற்றியே ஆக வேண்டும் என்றால், மாற்றும் முன் ஒரு புரோமைடு அளவு, ஒரு மாதம் கழித்து ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. புரோமைடு புதிய நிலைக்கு வர மூன்று நாலு மாதமாகும். இரண்டாம் வாரம் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து அளவை மாற்றினால் திரும்ப ஊஞ்சல்தான். தனியாகக் கொடுக்கும்போது ரத்தத்தில் லிட்டருக்கு 2000 முதல் 3000 மி.கி., இன்னொரு வலிப்பு மருந்தான பினோபார்பிட்டோனோடு சேர்த்துக் கொடுக்கும்போது 1000 முதல் 2000 மி.கி. என்பது வழக்கமான இலக்கு. மருந்தைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் வாந்தி வரும். ரிப்போர்ட்டில் குளோரைடு தாறுமாறாக ஏறியிருந்தால் பதற வேண்டாம். பல இயந்திரங்கள் புரோமைடையும் குளோரைடாக எண்ணிவிடும்.

பினோபார்பிட்டோனும் பசியும்

இந்த மருந்துக்கு உப்பு பிரச்சினை இல்லை, பசிதான். தொடங்கிய சில வாரங்களில் நாய் குப்பைக்கூடையைக் கவிழ்க்கும், தட்டை நக்கியபடி உங்களையே பார்க்கும். பரிதாபப்பட்டுப் போட்டால் நாலு மாதத்தில் இரண்டு கிலோ ஏறும். தினசரி அளவைக் காலையிலேயே எடைபோட்டு ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். பயிற்சிக்கும் கொஞ்சலுக்கும் கொடுப்பதெல்லாம் அந்த டப்பாவிலிருந்தே வரட்டும். வயிறு நிரம்ப, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், பூசணி, கேரட், சுரைக்காய் சேர்க்கலாம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

கல்லீரலுக்குப் பயந்து தானாகவே புரதத்தைக் குறைக்கிறவர்கள் உண்டு. புரதம் குறைந்த உணவில் இந்த மருந்து உடம்பிலிருந்து வேகமாக வெளியேறும்; வலிப்பு திரும்பக் கூடும். கல்லீரல் கோளாறு உறுதியானால் மட்டும், டாக்டர் சொல்லும் அளவுக்குக் குறைக்கலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ இன்னும் ஆபத்து. நிறுத்தியதற்காகவே வலிப்பு வரும். லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்தை மட்டும் சாப்பிடும் நாய்க்கு, உப்புக் கணக்கு எதுவும் தேவையில்லை.

எம்.சி.டி. எண்ணெய், தேங்காய் எண்ணெய் இல்லை

2015இல் லண்டன் ராயல் வெட்டினரி காலேஜ் ஒரு சோதனையை வெளியிட்டது. மருந்து தின்றும் வலிப்பு அடங்காத 21 நாய்களுக்கு, மூன்று மாதம் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (எம்.சி.டி.) சேர்த்த உணவு, மூன்று மாதம் சாதாரண உணவு. 15 நாய்களில் வலிப்பு குறைந்தது, அவற்றில் 10இல் பாதிக்கும் மேல் குறைந்தது, 3 நாய்களுக்கு வலிப்பே வரவில்லை. எல்லா நாய்களுமே மருந்தைத் தொடர்ந்தன என்பதை மறக்கக் கூடாது. 2020இல் வந்த இன்னொரு சோதனையில், அன்றாடக் கலோரியில் 9 சதவீதத்தை இந்த எண்ணெயாகக் கலந்து கொடுத்தார்கள். அதிலும் பலன் இருந்தது. இதில் வேலை செய்வது 8, 10 கார்பன் உள்ள அமிலங்கள். 10 கார்பன் அமிலம், மூளையில் கிளர்ச்சி கடத்தும் ஒரு வாயிலை நேரடியாகவே அடைக்கிறது.

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் கைவசம் இருக்க எதற்கு இது என்று தோன்றும். தேங்காய் எண்ணெயில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் பாதி அளவுக்கு 12 கார்பன் லாரிக் அமிலம். 8ம் 10ம் சேர்ந்து ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயின் எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் ஓய்வுக் கலோரி. 10 கிலோவுக்கு 394. குடும்பக்கட்டுப்பாடு செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க, நாளுக்கு 630. அதில் 9 சதவீதம் 57 கலோரி. எம்.சி.டி. எண்ணெயில் கிராமுக்கு 8.3 கலோரி, ஆக சுமார் 7 மி.லி. அதே அளவு 8, 10 கார்பன் அமிலத்தைத் தேங்காய் எண்ணெயில் எடுக்க 50 மி.லி. வேண்டும். அது மட்டுமே 400 கலோரிக்கு மேல், அதாவது ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. வயிற்றுப்போக்கு நிச்சயம், கணைய அழற்சிக்கும் வாய்ப்பு.

தொடங்கும் முறை: முதல் நாலைந்து நாள் கால் பங்கு, அடுத்து அரை, முக்கால், இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவு. இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பாட்டில் பிசைந்தே கொடுக்க வேண்டும். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி ஒரு வாரம் நில்லுங்கள். எண்ணெய் சேர்த்த அளவுக்கு மற்றக் கலோரியைக் குறையுங்கள். பலன் பார்க்க மூன்று மாதமாவது ஆகும். முன்பு கணைய அழற்சி வந்த நாய், ரத்தத்தில் கொழுப்பு அதிகமுள்ள நாய், சர்க்கரை நோயுள்ள நாய், கல்லீரலைச் சுற்றி ரத்தம் ஓடும் நாய், இவற்றுக்கு டாக்டர் ஒப்புக்கொள்ளாமல் தொடவே கூடாது.

வீட்டுச் சாப்பாட்டில் கால்சியம்

கோழியும் சோறும் மட்டும் வாழ்நாள் முழுக்கப் போட்டால் கால்சியம் குறையும். ஆனால் ரத்தத்தில் அது உடனே தெரியாது. உடம்பு எலும்பைக் கரைத்து ரத்த அளவைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆகவே வளர்ந்த நாயில் இந்தக் குறை வலிப்பாக வராமல் எலும்பு மெலிவாகத்தான் வரும். குட்டிகள் தாங்காது, அவற்றுக்கு இந்தச் சமையல் வேண்டாம்.

10 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு: தோலில்லாத நெஞ்சுக்கறி, வேகவைத்து 150 கிராம், சோறு 200 கிராம், பூசணி 50 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன், எம்.சி.டி. 7 மி.லி. எல்லாம் சேர்ந்து 630 கலோரியை ஒட்டி வரும். 1000 கலோரிக்கு 1.25 கிராம் என்ற கணக்கில் இதற்குக் கால்சியம் 0.8 கிராம் தேவை. கறியிலும் சோற்றிலும் இருக்கும் பாஸ்பரஸ் 0.43 கிராம் அளவு. முட்டை ஓட்டுத் தூளில் 38 சதவீதம் கால்சியம், ஆகவே 2 கிராம் தூள் போதும். டீஸ்பூனில் அரைக்குக் கொஞ்சம் குறைவு. கால்சியமும் பாஸ்பரஸும் 1.8க்கு 1 என்று நிற்கும். 1க்கு 1 முதல் 2க்கு 1 வரை இருக்கலாம். ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலியுங்கள். விரலில் நெருடினால் திரும்ப அரைக்க வேண்டும்.

துத்தநாகம், தாமிரம், அயோடின், டி, ஈ வைட்டமின்கள் இதில் போதாது. நாய்க்கென்று உள்ள வைட்டமின், தாதுக் கலவை ஒன்றை டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்தக் கலவையிலேயே கால்சியம் இருந்தால் ஓட்டுத் தூளைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். இரண்டையும் போட்டு அளவு மீறுவது அடிக்கடி நடக்கிறது. வெங்காயம், பூண்டு எந்த வடிவிலும் வேண்டாம்.

டைரியும் ஒரு சீட்டும்

சமையலறைக் காலண்டரே போதும். வலிப்பு வந்த தேதி, மணி, எத்தனை நிமிடம், அன்றும் முந்தைய நாளும் வழக்கத்துக்கு மாறாகத் தின்றது, வாந்தி, பேதி, மருந்து தவறிய வேளை. புதுப் பாக்கெட் பிரித்த நாளையும் குறியுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உணவையும் எண்ணெயையும் மருந்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால், பிறகு எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

புரோமைடு வாங்கும் நாயின் கழுத்துப்பட்டியிலும், அதன் ஆஸ்பத்திரி நோட்டின் முதல் பக்கத்திலும் ஒரு சீட்டு இருக்கட்டும்: ‘புரோமைடு சாப்பிடுகிறது. டிரிப் போடுமுன் கேளுங்கள்.’ வாந்தி பேதிக்குப் போடும் சாதாரண உப்புக் கரைசலில் குளோரைடு நிறைய. ஓரிரு நாள் ஏற்றினாலே புரோமைடு கரைந்து போய், பேதி நின்ற நாய் வலிப்பில் விழும். ஓ.ஆர்.எஸ். பொடியிலும் உப்பு உண்டு. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையான ஃப்ரூசமைடும் புரோமைடை வெளியே தள்ளும். டிரிப் தவிர்க்க முடியாமல் போனால் மறுநாளே புரோமைடு அளவு பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு நாயை வேறு வீட்டில் விடும்போது, நாள் கணக்குக்கு எடைபோட்ட சாப்பாட்டுப் பொட்டலங்களையும் அந்த உப்புத் தராசையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.